நில்ப்புப் பணம்: வள்ளியூர்க்காவுத் திருவிழாவும் வயநாட்டின் அடிமை வேலையும்

பத்திரம் கிடையாது, கைரேகை கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது. திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே நிலக்காரர் கையிலிருந்து கொஞ்சம் காசு பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் கைக்குப் போகும். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இதே திருவிழா வரும்வரை அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளும் அந்த நிலக்காரரின் வயலில் வேலை செய்தாக வேண்டும். அந்தக் காசுக்கு ‘நில்ப்புப் பணம்’ என்று பெயர். ‘நில்’ என்பதிலிருந்து பிறந்த மலையாளச் சொல். வேறெங்கும் போகாமல் நிற்பதற்கான பணம்.

காசு கைமாறிய இடம், கேரளத்து வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே கபினிக் கரையில் இருக்கும் வள்ளியூர்க்காவு பகவதி கோயில். காலம், மீன மாதம் முதல் தேதி தொடங்கிப் பதினான்கு நாள் நடக்கும் ஆண்டுத் திருவிழா. நம் கணக்குக்குப் பங்குனி. பணியர், அடியர் என்ற இரண்டு பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக இந்த விழாவில்தான் அந்தந்த ஆண்டு வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். எழுபதுகளின் தொடக்கம்வரை இது நடந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை விலக்கிய சட்டம் வந்தது 1843இல். இரண்டுக்கும் நடுவே சுமார் நூற்று முப்பது ஆண்டு.

அந்த நூற்று முப்பது ஆண்டு எப்படி ஓடியது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம். சங்கிலி, சவுக்கு, ஏலம் என்று நாம் கேட்டுப் பழகிய அடிமைக் கதை இதற்குப் பொருந்தாது. சட்டம் விற்பனையைத் தேடியது, கடன் பத்திரத்தைத் தேடியது. வள்ளியூர்க்காவில் இருந்தது கொஞ்சம் காசும் பகவதி முன்னால் கொடுத்த வாக்கும். இரண்டையும் எந்தக் கோர்ட்டிலும் எடுத்துக் காட்ட முடியாது.

வயலுக்கு ஆள் வேண்டும்

வயநாடு என்ற பெயரை ‘வயல் நாடு’ என்று பிரிப்பவர்கள் உண்டு. பெயர்க்காரணம் சரியோ தவறோ, நிலத்துக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. மொத்தம் சுமார் 2,130 சதுர கிலோமீட்டர். மேலே காடு, நடுவே காப்பி, குன்றுகளுக்கு இடையே பள்ளமான இடமெல்லாம் சேறு நிறைந்த நெல்வயல். கிழக்கே போனால் முதுமலையும் பந்திப்பூரும், வடக்கே நாகரஹொளே. யானைக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. கபினியும் மேற்கே கடலுக்குப் போகாமல் கிழக்கே திரும்பிக் கர்நாடகத்துக்குள் போய், திருமகூடலு நரசிப்பூரில் காவிரியோடு சேர்ந்துவிடுகிறது.

1980 நவம்பர் 1 அன்றுதான் வயநாடு தனி மாவட்டமானது. 1956 வரை இது சென்னை மாகாணத்து மலபாரின் ஒரு பகுதி. இன்று நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் கூடலூரும் பந்தலூரும் பழைய தென்கிழக்கு வயநாடு. 1877இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. கூடலூர்ப் பக்கம் இன்றும் பணியர் குடியிருப்புகள் இருப்பது அதனால்தான். பக்கத்து மாநிலத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது.

இந்தச் சேற்று வயல்களில் மலேரியா இருந்தது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் தாக்குப்பிடிக்கவில்லை. நிலம் ஏராளம், ஆள் குறைவு. இப்படிப்பட்ட ஊரில் நிலம் வைத்திருப்பது பெரிய காரியமில்லை, ஆளை வைத்திருப்பதுதான் காரியம். கூலிக்கு ஆள் கிடைக்கும் என்று நம்பி எவரும் நாற்றுவிட முடியாது. தஞ்சாவூரில் படியாள் என்று ஒரு முறை இருந்ததை நாம் அறிவோம். படி நெல்லுக்கு வேலை செய்பவர் படியாள். வயநாட்டில் ‘வல்லி’ என்றால் அடிமைக்குக் கூலியாக அளக்கும் நெல். அந்த வேலைக்கு வல்லிப்பணி என்று பெயர். குண்டல்பணி என்ற பெயரும் வழங்கியது. கோயிலின் பெயரில் இருக்கும் ‘வள்ளி’ வேறு சொல், கொடியைக் குறிப்பது. பகவதியின் வாள் ஒரு கொடியில் தொங்கியதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆனாலும் வள்ளியூர்க்காவில் வல்லிப்பணி என்று அடுத்தடுத்துச் சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தடுமாறத்தான் செய்கிறது.

மீன மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் பக்தியோடு வேளாண் கணக்கும் இருக்கிறது. வயநாட்டின் பெரிய போகமான நஞ்சை, மழையோடு தொடங்கி தை வாக்கில் அறுவடை முடிந்துவிடும். பங்குனியில் களத்தில் வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் வல்லியும் இல்லை. காட்டுக்கிழங்கை நம்பி இருக்க வேண்டிய மாதங்கள் அவை. மறுபக்கம், இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் இந்த ஆண்டுக்கான ஆட்களை நிலக்காரர் உறுதி செய்தாக வேண்டும். ஒருவருக்குப் பசி அதிகமாகவும் இன்னொருவருக்குத் தேவை அதிகமாகவும் இருக்கும் இடத்தில் திருவிழா வந்து நிற்கிறது. பேரம் யார் பக்கம் சாயும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெயரிலேயே வேலை

வயநாட்டின் பழங்குடிகளை ஒரே கூட்டமாகப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் பலரும் செய்கிற முதல் தவறு. 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 8,17,420. அதில் பழங்குடியினர் 1,51,443, அதாவது 18.5 சதவீதம். கேரளத்தில் வேறு எந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் இல்லை. ஆனால் இந்த ஒன்றரை லட்சம் பேருக்குள் நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற கோடு மிக ஆழமானது.

குறிச்சியர் வில்லாளிகள், சொந்த நிலத்தில் நெல் பயிரிட்டவர்கள், பெரிய தாய்வழிக் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தவர்கள். மற்றவர்கள் தொட்டால் தீட்டு என்று பார்த்தவர்களும்கூட. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த மலபார் அரசர் பழசி ராஜாவின் போரில் அவர்களுடைய அம்புதான் கம்பெனிப் படையைக் கலங்கடித்தது. 1802 அக்டோபரில் ராஜாவின் தளபதி எடச்சேன குங்கனும் குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவும் பனமரம் கோட்டையைப் பிடித்தார்கள். சந்துவைப் பிரிட்டிஷார் 1805 நவம்பரில் பனமரத்திலேயே கொன்றார்கள். அதே மாதக் கடைசியில் புல்பள்ளிக் காட்டோரம் பழசி ராஜாவும் இறந்தார். முள்ளுக்குறுமரும் நிலம் வைத்திருந்த வேட்டைக்காரர்கள். காட்டுநாயக்கர் தேன் எடுத்துக் காட்டுக்குள்ளேயே இருந்தார்கள். இவர்களில் யாரும் நில்ப்புப் பணம் வாங்கி நின்றதில்லை.

நின்றவர்கள் பணியரும் அடியரும். பெயர்களைக் கவனியுங்கள். பணி செய்கிறவர் பணியர். அடிமை, அடியர். இரண்டும் எசமானர்கள் வைத்த பெயர் என்பது கேட்டவுடனே தெரிகிறது. நம் பக்கம் ‘அடியார்க்கும் அடியேன்’ என்று பாடினால் அது பெருமை. இங்கே அதே வேர்ச்சொல் ஒரு சமூகத்தின் மேல் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கிறது. அடியர் தங்களைச் சொல்லிக்கொள்வது ராவுளர் என்று. இவர்களே எல்லை தாண்டிக் குடகில் எரவர். கன்னடத்தில் எரவல் என்பது நம் இரவல்தான். எரவர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கேரளத்தில் அடிமை, குடகில் இரவல் ஆள். ஒரு சமூகத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

பணியர் தாங்கள் இப்பிமலை என்ற மலையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த மலை எங்கே என்று வரைபடத்தில் காட்ட முடியாது. அவர்கள்தான் மாவட்டப் பழங்குடியினரில் மிகப் பெரிய சமூகம், பாதிக்குச் சற்றுக் குறைவு. பணியப் பெண்களின் காதணியை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தாழை ஓலையை நாடாவாகக் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, பெரிய காசு அளவுக்கு வட்டமாக்கி, முகப்பில் மெழுகு பூசி, அதில் குன்றிமணிகளைப் பக்கம் பக்கமாகப் பதிப்பார்கள். மணியின் கறுப்புப் பக்கம் மெழுகுக்குள் போய்விடும், சிவப்பு மட்டும் வெளியே தெரியும். தங்கம் வாங்க வழியில்லாதவர்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த மணிகள் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் நிற்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

ஏன் கோயில்?

ஆள் பிடிக்கச் சந்தை போதும். கோயில் எதற்கு?

முதல் காரணம் சாதாரணமானது. வயநாட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் நாட்கள் இவைதான். காட்டுக்குள் சிதறிக் கிடந்த குடும்பங்களை நிலக்காரர் தேடிப் போக வேண்டியதில்லை, அவர்களே வருவார்கள். இப்படிக் கூடும் வழக்கத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1802இல் குங்கன் புல்பள்ளிக் கோயிலிலிருந்துதான் மக்களை ஆயுதம் எடுக்க அழைத்தார், சுமார் 3,000 பேர் திரண்டார்கள், அதில் ஒரு பகுதியினர் வள்ளியூர்க்காவில் நிலைகொண்டார்கள். ஒரே கோயில் ஒரு காலத்தில் கலகக்காரர்களுக்கு முகாம், இன்னொரு பக்கம் அடிமைகளுக்குச் சந்தை. கூட்டம் கூடும் இடத்துக்கு எப்போதும் இந்த இரண்டு குணமும் உண்டு.

இரண்டாவது காரணம், கோயில்களே நிலக்காரர்களாக இருந்தன. மலபாரின் ஜன்மி என்ற நிலவுடைமை முறையில் தேவஸ்வங்களுக்கு, அதாவது கோயில் நிர்வாகங்களுக்கு, பெரும் நிலப்பரப்பு உண்டு. புல்பள்ளியின் சீதை, லவகுசர் கோயில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்னாளில் அந்த தேவஸ்வ நிலத்தைச் சுற்றித்தான் குடியேறியவர்களின் சண்டை மூண்டு, 1968 நவம்பரில் நக்சல்பாரிகள் அங்கிருந்த சிறப்புப் போலீஸ் முகாமைத் தாக்கினார்கள். பிரம்மகிரி அடிவாரத்தில் பாபநாசினி ஓடையோடு இருக்கும் திருநெல்லிக்கு இன்னும் நீண்ட வரலாறு. சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன் காலத்துச் செப்பேடுகள் அந்தக் கோயிலுக்கு நிலம் போனதைச் சொல்கின்றன. ஓடைத் தண்ணீரைக் கருங்கல் தூண்கள் மேல் கல்வாய்க்கால் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்னோருக்குப் பிண்டம் வைக்கப் பல ஊர்க்காரர்கள் திருநெல்லிக்குப் போகிறார்கள். அந்தக் கோயில் நிலங்களில் நாற்று நட்டவர்கள் அடியர்.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. நில்ப்புப் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் இல்லை. வட்டி ஏறிக்கொண்டே போகும், அடைக்க முடியாது, அதனால் தலைமுறையாகக் கட்டுப்பட்டுக் கிடப்பார்கள் என்ற கொத்தடிமைக் கணக்கு இங்கே கிடையாது. ஆண்டு முடிந்தால் கணக்கு முடிந்தது. சொல்லப்போனால், அடுத்த விழாவில் வேறு நிலக்காரரிடம் பணம் வாங்கலாம் என்பதுதான் ஏற்பாடு. காகிதத்தில் எழுதினால் ஓராண்டு ஒப்பந்தம் மாதிரியே இருக்கும். ஆனால் இடையில் விட்டுப் போனால் என்ன ஆகும்? போலீஸ் வராது, பகவதி கோபிப்பாள். வள்ளியூர்க்காவில் பகவதி மூன்று உருவத்தில் இருக்கிறாள்: வனதுர்க்கை, ஜலதுர்க்கை, பத்ரகாளி. பணியர் தங்கள் குடியிருப்பிலேயே காட்டு பகவதியைக் கும்பிடுகிறவர்கள். அவளுக்கும் காவில் இருப்பவளுக்கும் அவர்கள் மனதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அவள் முன்னால் காசு வாங்கிவிட்டு ஓடினால் காய்ச்சல் வரும், பிள்ளை சாகும். மலேரியா ஊரில் யாருக்காவது காய்ச்சல் வரத்தான் செய்யும், ஆகவே சாபம் பலிக்கவும் செய்யும்.

நிலக்காரருக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். காவல் போட வேண்டாம், கங்காணி வைக்க வேண்டாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கொடுத்த வாக்கை மீறத் தெரியாத மக்களின் நேர்மையே பூட்டாக இருந்தது. தப்பித் தவறி ஓடிவந்தவரை மற்ற நிலக்காரர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அது அவர்களுக்குள் இருந்த ஒழுங்கு, அதற்கு எந்தச் சாமியும் தேவைப்படவில்லை.

சட்டம் மூன்று முறை வந்தது

முதல் முறை 1843இல். இனி எந்த நீதிமன்றமும் அடிமையை ஒருவரின் சொத்து என்று ஏற்காது என்றது. சொத்து என்று யாரும் கோர்ட்டில் கோராத இடத்தில் இது என்ன செய்யும்? அப்புறம் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1887இல் வெளிவந்த தன் மலபார் நூலில், தண்டனைக்குப் பயந்து மறைவாக நடந்தாலும் அடிமைகள் இன்னும் விற்கப்படுகிறார்கள், வாடகைக்கு விடப்படுகிறார்கள், அதுவும் அவர்களுடைய முழுச் சம்மதத்தோடு என்று எழுதினார். அந்த ‘முழுச் சம்மதம்’ என்ற இடத்தில்தான் சட்டம் மாட்டிக்கொண்டது. சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது, பங்குனிப் பசியில் வேறு என்ன செய்ய முடியும் என்றெல்லாம் தண்டனைச் சட்டம் கேட்காது.

மூன்றாவது, நெருக்கடி நிலைக் காலத்தின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நிரந்தரமானது. முன்பணத்துக்கு ஈடாக உழைக்க வைப்பதையே குற்றமாக்கியது. மூன்று ஆண்டுவரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம். இந்த மூன்றில் முன்பணம் என்ற ஒன்றை நேராகச் சுட்டியது இதுதான். ஆனால் அது வந்தபோது வள்ளியூர்க்காவின் சந்தை ஏற்கெனவே உடைந்துகொண்டிருந்தது. உடைத்தவை வேறு இரண்டு.

ஒன்று குடியேற்றம். இரண்டாம் உலகப் போர்க்காலப் பஞ்சத்தில் திருவிதாங்கூரிலிருந்து விவசாயிகள் வயநாட்டுக்கு ஏறினார்கள். நாற்பதுகளின் கடைசியில் டிடிடி மருந்து மலேரியாவை அடக்கியதும் அந்த வரத்து பெருகியது. தங்கள் கையாலேயே மண்வெட்டி பிடித்தவர்கள் அவர்கள். நெல்லைவிட மிளகும் காப்பியும் பெரிதாகின. ஆண்டு முழுக்க ஒரு குடும்பத்தை நிறுத்திவைக்கும் தேவை குறைந்தது. வேலை உள்ள நாளுக்குக் கூலி, இல்லாத நாளுக்கு ஒன்றும் இல்லை. அடிமைத்தனம் தேய்ந்தது, கூடவே அடிமைக்கு அளந்த நெல்லும் தேய்ந்தது. எசமானுக்குத் தேவையில்லாமல் போவதும் ஒரு வகை விடுதலைதான் என்று சொன்னால் பணியர்கள் சிரிப்பார்கள்.

இன்னொன்று திருநெல்லிப் பக்கத்தில் ஏ. வர்கீஸ் செய்த வேலை. மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்து பிறகு நக்சல்பாரியானவர். அடியர் குடிசைகளிலேயே தங்கி, கூலியை உயர்த்திக் கேட்கவும் எசமானுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கவும் சொல்லிக்கொடுத்தார். 1970 பிப்ரவரியில் திருநெல்லியில் ஒரு நிலக்கிழார் கொல்லப்பட்டார். அதே மாதம் 18ஆம் தேதி வர்கீஸும் கொல்லப்பட்டார். மோதலில் இறந்தார் என்றது போலீஸ். உத்தரவின் பேரில் நான்தான் சுட்டேன் என்று கான்ஸ்டபிள் ராமச்சந்திரன் நாயர் 1998இல் வெளிப்படையாகச் சொன்னார். 2010இல் சிபிஐ நீதிமன்றம் முன்னாள் ஐஜி கே. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நாற்பது ஆண்டு. வர்கீஸின் வழிமுறை பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் பகவதியின் சாபத்துக்கு அஞ்சியவர்கள் முதல்முறையாகக் கூலியைப் பற்றிப் பேரம் பேசியது அந்த ஆண்டுகளில்தான். சட்டம் செய்யாத வேலை அது.

பத்து சென்ட்

சரி, நின்றவர்கள் போகலாம் என்று ஆகிவிட்டது. எங்கே போவது?

கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்தில் நடந்தது. குத்தகைதாரருக்கு நிலம் சொந்தமானது. பணியர் குத்தகைதாரர் இல்லை, ஆள். எசமானின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு, அதாவது குடிகிடப்புக்காரருக்கு, கிராமத்தில் கிடைக்கக்கூடியது பத்து சென்ட். பெரிய தோட்டங்களுக்கு விலக்கு. நாடு முழுக்கப் புகழ்ந்த சீர்திருத்தம்தான், அதன் கணக்கில் உழுதவர் வந்தார், சேற்றில் நின்றவர் வரவில்லை. பத்து சென்ட்டும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் மகன் ஒரு குடிசை, பேரன் ஒரு குடிசை என்று நெருக்கிக்கொண்டே போனது.

இதன் விளைவை வீடுகளில் பார்ப்பதைவிடச் சாவில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பணியர் இறந்தவரைப் புதைப்பார்கள். ஆழமாகக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் ஒரு அறை போலக் குடைந்து, பாயில் சுற்றிய உடலை அந்த அறைக்குள் தள்ளி வைப்பார்கள். மேலேயிருந்து போடும் மண் உடலின் மேல் விழக் கூடாது. இப்படிப் புதைக்க மண்ணின் ஆழம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும். இடமில்லாத காலனிகளில் வீட்டுச் சுவரை ஒட்டியே புதைக்க வேண்டி வந்திருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகளுக்கு என்று எழுபதுகளின் கடைசியில் வைத்திரிப் பக்கம் சுகந்தகிரியில் ஏலக்காய்த் தோட்டமும் பூக்கோட்டில் பால் பண்ணையும் தொடங்கினார்கள். மானந்தவாடியில் 1984இல் பிரியதர்சினி தேயிலைத் தோட்டம் வந்தது. எண்ணம் நல்லது. ஆனால் ஏட்டில் நிலம் திட்டத்தினுடையது, அதில் பழங்குடியினர் தொழிலாளர்கள். எசமானுக்குப் பதில் மேனேஜர். ஏலக்காயும் பாலும் கைகொடுக்கவில்லை. பூக்கோட்டு நிலத்தின் ஒரு பகுதியில் இன்று கால்நடைப் பல்கலைக்கழகம் நிற்கிறது.

பறிபோன பழங்குடி நிலத்தை மீட்கக் கேரளம் 1975இல் போட்ட சட்டத்துக்கு விதிகள் வரவே 1986 ஆனது. இங்கேயும் ஒரு முடிச்சு. அந்தச் சட்டம் பட்டா வைத்திருந்து இழந்தவருக்கானது. குறிச்சியர், குறுமர் சில பேருக்குப் பயன்படலாம். முதலிலிருந்தே பட்டா இல்லாத பணியர் எதை மீட்பது? அதனால்தான் அவர்களின் கோரிக்கை ‘நிலத்தைத் திருப்பிக் கொடு’ என்பதாக இல்லாமல் ‘நிலம் கொடு’ என்பதாக இருந்தது. அடியர் சமூகத்திலிருந்து வந்த சி.கே. ஜானு 2001இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் குடில் கட்டி 48 நாள் நடத்திய போராட்டம் இந்தக் கோரிக்கைக்காகத்தான். நிலமில்லாதவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை தருவதாக ஒப்பந்தம் ஆனது. அது நகராததால் 2003 ஜனவரியில் முத்தங்கா காட்டுக்குள் குடில் போட்டார்கள். பிப்ரவரி 19 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜோகி என்ற ஆதிவாசி இறந்தார், ஒரு போலீஸ்காரரும் இறந்தார். பிறகு கண்ணூர் மாவட்டத்து ஆறளம் பண்ணையில் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கொடுத்தபோது வயநாட்டுப் பணியர் பலர் அங்கே போனார்கள். அந்த ஏக்கர் யானை வழியில் இருந்தது. பல உயிர்கள் போயின, பலர் நிலத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

முன்பணம் இன்னும் இருக்கிறது

இன்று வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் யாரும் யாரையும் எடுப்பதில்லை. வாள் எழுந்தருளுகிறது, சுற்றுவட்டாரத்திலிருந்து அடியறை வரவு என்ற காணிக்கை ஊர்வலம் வருகிறது, கடைசியில் களம் எழுதிப் பாட்டுப் பாடுகிறார்கள். பணியர் துடியும் குழலுமாக வருகிறார்கள். பாத்திரக் கடை, வளையல் கடை, ராட்டினம் எல்லாம் உண்டு. அடியரும் பணியரும் இந்த விழாவைத் தங்கள் விழாவாகவே வைத்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் புதிராக இருக்கும். தங்களை விற்ற இடத்துக்கு ஏன் இவ்வளவு ஆசையாக வருகிறார்கள் என்று தோன்றும். எனக்குத் தெரிந்த பதில், பகவதி அவர்களுடையவள், சந்தைதான் மற்றவர்களுடையது என்பதே.

முன்பணம் மட்டும் கோயிலை விட்டு வெளியேறி வேறு வேலைக்குப் போயிருக்கிறது. வயநாட்டுப் பழங்குடியினர் குடகின் இஞ்சித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஏஜென்ட் வந்து கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஜீப்பில் ஏற்றிக்கொள்கிறார். போன இடத்தில் சிலர் இறந்த செய்திகளும் காரணம் தெரியாத சாவுகள் பற்றிய புகார்களும் பல ஆண்டுகளாக வருகின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கேரளம் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூடுதலாக நூறு நாள் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கூலி வேலை முடிந்து வாரக்கணக்கில் கழித்து வங்கிக்கு வருகிறது, ஏஜென்ட்டின் பணமோ வேலைக்கு முன்னாலேயே கைக்கு வருகிறது. சேமிப்பு என்று எதுவும் இல்லாத வீட்டில் இந்த வித்தியாசம் போதும். நில்ப்புப் பணத்தைப் பிழைக்கவைத்தது பக்தி பாதி என்றால், மீதிப் பாதி இந்தக் காத்திருக்க முடியாமைதான். பக்தியின் பங்கு போய்விட்டது. மற்றது அப்படியே இருக்கிறது.

சமூகங்களுக்கு இடையே இருந்த பழைய கோடும் அழியவில்லை. மானந்தவாடி பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அங்கிருந்து 2011இல் பி.கே. ஜெயலட்சுமியும் 2024இல் ஓ.ஆர். கேளுவும் அமைச்சரானார்கள். கேரளப் பழங்குடிப் பெண்களில் முதலில் ஐஏஎஸ் ஆன ஸ்ரீதன்யா சுரேஷும் வயநாட்டுக்காரர். மூவரும் குறிச்சியர். அவர்கள் உழைத்து வந்தவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிலம் வைத்திருந்த சமூகத்துக்கும் நில்ப்புப் பணத்துக்கு நின்ற சமூகத்துக்கும் நடுவே இரண்டு தலைமுறை இடைவெளி இருப்பதை ‘பழங்குடியினர் முன்னேற்றம்’ என்ற ஒற்றைத் தலைப்பு மறைத்துவிடுகிறது.

2024 ஜூனில், எம்.பி.யாகிப் பதவி விலகுவதற்கு முன் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் போட்ட கடைசி உத்தரவுகளில் ஒன்று, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளின் பெயர்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னது. அடிமைக் காலத்தை நினைவூட்டும் சொல், அங்கே வாழ்பவர்களைக் கூச வைக்கும் சொல் என்பது காரணம். இனி நகர், உந்நதி, பிரகிருதி என்று எழுத வேண்டும். வயநாட்டில் பெயர்ப்பலகைகள் மாறத் தொடங்கின. அந்தப் பலகைக்குப் பின்னால் குடியிருக்கும் பிள்ளைகள் பள்ளியில் சேரக் கொண்டுபோகும் சாதிச் சான்றிதழில், அட்டவணையில் உள்ளபடியே, ‘பணியன்’ என்றும் ‘அடியன்’ என்றும் எழுதியிருக்கிறது.